எடைக்குப் போடாத காகிதம்

ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்த பிறகு, 1960களில், கியூபாவை விட்டுப் போகிறேன் என்று விண்ணப்பம் கொடுத்துவிட்டால், முதலில் வீட்டுக்கு வருவது அரசாங்க ஆள். கையில் தாளும் பேனாவும் இருக்கும். நாற்காலி எத்தனை, கட்டில் எத்தனை, ஃப்ரிட்ஜ் உண்டா, டிவி உண்டா, தட்டு, கரண்டி, போர்வை என்று ஒன்று விடாமல் எழுதிக்கொள்வார். அந்த நிமிஷத்திலிருந்து அவை வீட்டுக்காரருடையவை இல்லை. புழங்கலாம், அவ்வளவுதான். கிளம்பும் நாள் நெருங்கியதும் அதே தாளோடு மறுபடி வருவார்கள். தாளில் இருப்பது அலமாரியில் இல்லையென்றால் பயணமே சிக்கல். நடுவில் கை தவறி உடைந்த தம்ளருக்கு ஈடாகப் பக்கத்து வீட்டில் கெஞ்சி ஒன்று வாங்கி வைத்த கதையை, அங்கிருந்து போனவர்கள் வயதான பிறகும் சொல்கிறார்கள். எல்லாம் சரிபார்த்த பிறகு கதவுக்கு முத்திரை வைத்துச் சாவியை வாங்கிக்கொள்வார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் பிசைந்தது. எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் ஸ்டாக் வெரிஃபிகேஷன்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் 26 வருஷமாக இருக்கிறேன். வந்த புத்தகங்களுக்கு எண் கொடுத்துப் பதியும் அக்சஷன் ரெஜிஸ்டரில் எண் ஏறினால்தான் எங்களுக்கு அது புத்தகம். எண் ஏறாதது குப்பை. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் நூலகத்தின் பின் அறையைச் சுண்ணாம்பு அடிக்கக் காலி செய்தார்கள். அங்கே நான்கைந்து சாக்கு நிறையப் பழைய துண்டுப் பிரசுரங்கள், சங்க மலர்கள், இரண்டு இதழோடு நின்றுபோன சிறு பத்திரிகைகள். எதற்கும் எண் இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், அறை சுத்தமாக இருந்தது. எடைக்குப் போட்டு ரசீதும் வாங்கி வைத்திருந்தார்கள். அந்த ரசீதுக்கு ஃபைலில் எண் உண்டு.

அதனால்தான் அமெரிக்காவின் மயாமி நகரில் இப்படிப்பட்ட காகிதங்களைச் சேர்த்துவைத்த கியூப நூலகர்கள் சிலரைப் பற்றி ஒரு புத்தாக்கப் பயிற்சியில் போகிற போக்கில் யாரோ சொன்னது என் மண்டையில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களுடைய டிஜிட்டல் தொகுப்பை மேய்வது பழக்கமாகிவிட்டது. ஸ்பானிஷ் எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் போகிறேன்.

அந்த இடம் ஃபுளோரிடாவின் கோரல் கேபிள்ஸ் ஊரில், மயாமிப் பல்கலைக்கழகத்தின் ஓட்டோ ரிக்டர் நூலகத்துக்குள் இருக்கிறது. பெயர் கியூபப் பாரம்பரியத் தொகுப்பு. தனித் துறையாக ஆனது 1998இல்தான். இப்போதுள்ள கூடம் 2003இல் திறந்தது. கூடத்துக்கு ரொபெர்த்தோ கொய்சுவேத்தாவின் பெயர். ஹவானாவில் கோகோ-கோலா கம்பெனியில் வேலை பார்த்தவர், 1960இல் வெளியேறி, பிறகு அந்தக் கம்பெனிக்கே தலைவரானவர். ஆனால் தொகுப்பு கூடத்திலும் தொடங்கவில்லை, பணக்காரரிடமும் தொடங்கவில்லை. 1960களிலேயே அந்த நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த சில கியூபப் பெண்களிடம் தொடங்கியது. ரோசா அபேயா, கவிஞருமான அனா ரோசா நூன்யெஸ், லெஸ்பியா ஓர்தா வரோனா, பிற்பாடு தொகுப்புக்கே தலைமை ஏற்ற எஸ்பெரான்சா பிராவோ தே வரோனா. அவர்களும் அகதிகள்தான். சொந்த வீட்டுக் கரண்டிகளின் கதி என்ன என்று அறிந்தவர்கள்.

அவர்கள் பொறுக்கியது என்ன தெரியுமா? மயாமியின் எட்டாம் தெருவை கியூபர்கள் 'கையே ஓச்சோ' என்பார்கள். அங்கே காபி கவுன்டரிலும் மளிகைக் கடை வாசலிலும் முடிதிருத்தும் கடையிலும் இலவசமாகக் கிடந்த சின்னப் பத்திரிகைகளை. அவற்றுக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் 'பெரியோதிக்கீத்தோ', குட்டிப் பத்திரிகை. பல சமயம் ஆசிரியர், நிருபர், விளம்பரம் பிடிப்பவர், கட்டுத் தூக்கிக் கடை கடையாய்ப் போடுபவர் எல்லாம் ஒரே ஆள். காசு வந்தால் இதழ் வரும், வராவிட்டால் வராது.

தொழிலில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று தெரியும். சந்தா கிடையாது. வெளியீட்டாளருக்கு நிலையான முகவரி கிடையாது. அடுத்த இதழ் எப்போது என்று கேட்டுக் கடிதம் போட ஆளில்லை. ஒரே எண் இரண்டு தடவை வரும். மாதப் பத்திரிகை மூன்று மாதம் தூங்கும், பெயர் மாற்றிக்கொண்டு எழுந்து வரும். பத்திரிகைகளைக் கவனிக்கும் சீரியல்ஸ் பிரிவில் இருக்கும் எந்த நூலகரும் 'இது வேண்டாம்' என்று சொல்ல நியாயம் இருக்கிறது. இவர்கள் வேண்டும் என்றார்கள். காபி குடிக்கப் போன இடத்தில் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து, தேதி போட்டு, அடுக்கினார்கள். எஸ்பெரான்சா 1987இல் இந்த இதழ்களுக்கு விளக்கக் குறிப்புகளோடு ஒரு நூற்பட்டியலே வெளியிட்டார். இருபது வருஷத்துக்கும் மேலான பொறுக்கலுக்கு அச்சில் கிடைத்த ரெஜிஸ்டர் அது.

பெயர்களைப் பார்த்தாலே கதை தெரியும். ஹவானாவில் 'போஹேமியா' என்றொரு புகழ்பெற்ற வார இதழ். அதன் ஆசிரியர் 1960இல் வெளியேறியதும் 'போஹேமியா லிப்ரே' வந்துவிட்டது. சிரிப்புப் பத்திரிகை 'சிக்-சாக்' கடல் தாண்டி 'சிக்-சாக் லிப்ரே' ஆனது. லிப்ரே என்றால் சுதந்திரமான. ஊரில் இருக்கும் பழைய பெயர் கட்டிப்போடப்பட்டிருக்கிறது, இதோ அசல் இங்கே இருக்கிறது என்று அர்த்தம். பத்திரிகைகள் மட்டுமா? காஸ்ட்ரோ படித்த, 1854இல் தொடங்கிய பெலேன் இயேசு சபைப் பள்ளி 1961இல் மயாமியில் அதே பெயரில் மணியடித்தது. ஒவ்வொரு ஊருக்கும் 'வெளியே இருக்கும் நகராட்சி' என்று சங்கம். தெருக்களும் தண்ணீர்க் குழாயும் இல்லாத நகராட்சி, ஆனால் தலைவர், செயலாளர், ஆண்டு மலர் எல்லாம் உண்டு.

இந்தக் குட்டிப் பத்திரிகைப் பைத்தியம் காஸ்ட்ரோ காலத்தில் வந்ததும் இல்லை. அப்போது கியூபாவை ஆண்ட ஸ்பெயினுக்குப் பயந்து ஓடிவந்த பாதிரியார் ஃபேலிக்ஸ் வரேலா 1824இலேயே ஃபிலடெல்ஃபியாவில் 'எல் ஹபனேரோ' என்ற பத்திரிகையைத் தொடங்கிக் கியூபாவுக்குள் கள்ளத்தனமாக அனுப்பினார். கியூப விடுதலைப் போராட்டத் தலைவர் ஹொசே மார்த்தி 1892இல் நியூயார்க்கில் 'பாத்ரியா' நடத்தினார். ஊரில் அடி வாங்கினால் வடக்கே போய்ப் பத்திரிகை நடத்துவது என்பது அவர்களுக்கு முப்பாட்டன் வழக்கம்.

இனி அலை அலையாக மக்கள் வெளியேறிய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இது இல்லாமல் பெட்டிகள் புரியாது. 1959 ஜனவரி முதல் தேதி சர்வாதிகாரி பத்தீஸ்தா ஓடினார், காஸ்ட்ரோ வந்தார். 1962 அக்டோபர் ஏவுகணை நெருக்கடியோடு விமானங்கள் நிற்பதற்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். அதில் 14,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அப்பா அம்மா இல்லாமல் தனியாக வந்தார்கள். அருட்தந்தை பிரையன் வால்ஷ் நடத்திய அந்த ஏற்பாட்டுக்குப் 'பேத்ரோ பான்' என்று பெயர். அதன் தாள்கள் மயாமியின் பேரி பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1965 டிசம்பரிலிருந்து 1973 வரை வரதேரோவிலிருந்து விமானத்தில் மூன்று லட்சத்தை ஒட்டி. 1980இல் மரியேல் துறைமுகத்திலிருந்து படகுகளில் 1,25,000 பேர். 1994இல் தெப்பங்களில் 30,000க்கும் மேல்.

ஹவானா விமான நிலையத்தில் போகிறவர்களைக் கண்ணாடிச் சுவருக்குள் அடைத்து வைப்பார்கள். வழியனுப்ப வந்தவர்கள் வெளியே. 'லா பெசெரா' என்பார்கள், மீன்தொட்டி. வாய் அசைவது தெரியும், சத்தம் கேட்காது. மணிக்கணக்கில் அப்படி. நகையைக் கழற்றி வாங்கிவிடுவார்கள். மாற்றுத் துணிக்குக்கூட எண்ணிக்கை உண்டு. இந்தச் சல்லடையில் தப்பித்தது எது? யாருக்கும் விலை தெரியாதது. ஞானஸ்நானச் சான்று, ஒரு போட்டோ, மாமியார் கையெழுத்தில் ஒரு சமையல் குறிப்பு. மதிப்புள்ளதை எல்லாம் அரசாங்கம் பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டது. பட்டியலில் ஏற்றக்கூட லாயக்கில்லை என்று விட்டதெல்லாம், இன்று குளிரூட்டிய அறையில் அமிலம் நீக்கிய அட்டைப்பெட்டியில் தூங்குகிறது.

மயாமியில் இறங்கியதும் அடுத்த பட்டியல். நகர நடுவில் ஒரு மஞ்சள் நிறக் கோபுரம், ஸ்பெயினில் செவில் நகரத்து ஹிரால்தா கோபுரத்தைப் பார்த்துக் கட்டியது. 1925இல் ஒரு நாளிதழுக்காக எழுப்பிய கட்டடம். பத்திரிகை காலி செய்துவிட்டுப் போன பிறகு, 1962 முதல் 1974 வரை அகதிகள் மையம் அங்கேதான் இயங்கியது. அமெரிக்கர்கள் அதைச் சுதந்திரக் கோபுரம் என்றார்கள். கியூபர்களுக்கு அது 'எல் ரெஃபூகியோ', புகலிடம். பதிவு, மருத்துவப் பரிசோதனை, பிறகு ஒரு பெட்டி சாமான். டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சி, முட்டைப்பொடி, பால்பொடி, பெரிய சீஸ் கட்டி, வேர்க்கடலை வெண்ணெய். வேர்க்கடலை வெண்ணெயைப் பார்த்து இது மருந்தா உணவா என்று விழித்தார்களாம். அந்த டப்பா இறைச்சிக்கு 'புகலிடத்து இறைச்சி' என்றே பெயர். வெங்காயம், தக்காளி போட்டு வதக்கி அதையும் கியூபச் சமையலாக்கிவிட்டார்கள். அந்த மையத்தின் ஆவணங்களும் படங்களும் இன்று இந்தத் தொகுப்பில் இருக்கின்றன.

காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செய்தித்தாள் காகிதத்தில் லிக்னின் என்ற மரச்சத்து போகாது. அது தன்னைத்தானே தின்னும். முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு மடித்த இடத்தில் முறுக்கு மாதிரி நொறுங்கும். மயாமிக் காற்றும் நம் சென்னைக் காற்று போலத்தான், உப்பும் ஈரமும். ராமபாணப் பூச்சிக்கு அரசியல் கட்சி கிடையாது. குட்டிப் பத்திரிகை அடித்த காகிதமோ இருப்பதிலேயே மலிவு. மாதம் ஒன்று தாண்டினால் போதும் என்று அச்சடித்ததை நூறு வருஷம் நிறுத்தப் பார்க்கிறார்கள். பிடிவாதம் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் பூச்சியை விட மோசமான பகைகளும் அந்த ஊரில் இருந்தன. இதைச் சொல்லாமல் விட்டால் நான் சினிமாப் பாட்டு எழுதுகிறேன் என்று ஆகிவிடும். மயாமியில் கியூபக் கலை, பண்பாட்டு அருங்காட்சியகம் என்று ஒன்று இருந்தது. 1988 ஏப்ரலில் நிதி திரட்ட ஓவியங்களை ஏலம் விட்டார்கள். அவற்றில் சில, காஸ்ட்ரோவோடு முறித்துக்கொள்ளாமல் தீவிலேயே இருந்த ஓவியர்களுடையவை. கூட்டம் கொதித்துவிட்டது. மனுவேல் மெந்திவே வரைந்த மயிலோவியத்தை ஒருவர் 500 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். காஸ்ட்ரோவைக் கவிழ்க்க 1961இல் நடந்து தோற்ற பிக்ஸ் விரிகுடாச் சண்டைக்குப் போய்வந்தவர். காசைக் கட்டி, படத்தை வெளியே தெருவுக்குக் கொண்டுவந்து தீ வைத்தார். அடுத்த மாதமே அருங்காட்சியகத்தில் குண்டு வெடித்தது. 1990இல் இன்னொன்று.

கதை அங்கேயும் நிற்கவில்லை. அதே 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் வர்த்தகத் தடைச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. கியூபா போன்ற நாடுகளிலிருந்து புத்தகம், இதழ் போன்ற தகவல் சரக்குகள் வரலாம் என்று. 1989இல் சுங்க அதிகாரிகள் அந்த அருங்காட்சியகத்தின் துணைத் தலைவர் ரமோன் செர்னூதாவின் இடங்களில் நுழைந்து 200க்கும் மேற்பட்ட ஓவியங்களை அள்ளிப் போனார்கள். வழக்கு நடந்தது. புத்தகம் தகவல் என்றால் ஓவியமும் தகவல்தான், திருப்பிக் கொடு என்று நீதிபதி சொல்லிவிட்டார். அருங்காட்சியகம் பிழைக்கவில்லை. அதன் சேகரிப்பு கடைசியில் மயாமிப் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

அந்தச் சூழலில்தான் அந்தப் பெண்கள் நூலகம் நடத்தினார்கள். காஸ்ட்ரோவைத் திட்டும் இதழும் புலம்பெயர் இதழ்தான். 1974இல் இளைஞர்கள் தொடங்கிய, தீவோடு பேசுவோம் என்ற 'அரேயித்தோ'வும் புலம்பெயர் இதழ்தான். வெளியே முகத்தில் முழிக்காதவர்கள் பட்டியலில் அகரவரிசைப்படி பக்கத்துப் பக்கத்தில் நிற்கவேண்டும். நூலகருக்குக் கட்சி இருக்கலாம், கேட்டலாக்குக்கு இருக்கக்கூடாது. சொல்வது சுலபம். என் தெருவில் குண்டு வெடித்தால் நான் எந்த இதழை அலமாரியின் உள்வரிசைக்குத் தள்ளுவேன் என்று எனக்குத் தெரியும்.

தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது லிடியா கப்ரேராவின் பெட்டிகள். ஹவானாவின் வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பெண். அடிமைகளின் பிள்ளைகளாய்ப் பிறந்து முதுமையிலிருந்த கறுப்பினத்தாரிடம் வருஷக்கணக்காக உட்கார்ந்து கேட்டார். எந்தச் செடியில் எந்தத் தெய்வம், எதை எப்போது பறிக்கலாம், பறிக்குமுன் யாரிடம் அனுமதி கேட்கவேண்டும், காசு வைக்கவேண்டுமா. அதையெல்லாம் சீட்டுச் சீட்டாக எழுதி வைத்தார். காட்டையும் மூலிகையையும் பற்றிய அவருடைய பெரிய நூல் 1954இல் வந்தது. 1960இல் நாட்டை விட்டார். கொண்டுவந்த குறிப்புகள்தான் அவருக்கு மிச்சம். பத்து வருஷம் ஏறக்குறைய எதுவும் வெளியிடவில்லை. பிறகு அந்தச் சீட்டுகளிலிருந்தே புத்தகம் புத்தகமாக எடுத்தார். காங்கோ வழிச் சொற்களின் அகராதி 1984இல் வந்தது. 1991இல் மயாமியில் இறந்தார்.

இங்கே எனக்கு ஒரு நெருடல். முதல் அலையில் வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், வசதி உள்ளவர்கள். மரியேலில்தான் கறுப்பினத்தார் கணிசமாக வந்தார்கள். ஆக, 'எக்ஸிலியோ' என்று அவர்கள் உருகிச் சொல்லும் அந்தப் புலம்பெயர் வாழ்வின் காகிதங்களில் வீட்டு முதலாளியின் குரல் ஓங்கியிருக்கும், சமையல்காரியின் குரல் இருக்காது. லிடியாவின் சீட்டுகளில் மட்டும் அது தலைகீழ். பேசிய கிழவர்கள் விமானம் ஏறவே இல்லை. அவர்கள் சொன்ன செடிகளின் பெயர்கள் ஏறிவிட்டன. அவை யாருடைய சொத்து என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. காப்பாற்றியது அவர் என்பது மட்டும் உண்மை.

இசைக்கு வேறு இடம். கிறிஸ்தோபல் தியாஸ் அயாலா என்ற சேகரிப்பாளர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இசைத்தட்டு, நாடா, காகிதம் கொண்ட தன் களஞ்சியத்தை 2001இல் ஃபுளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அதைப் பற்றி எழுத வேறு ஆள் வேண்டும். எனக்குச் சங்கீத ஞானம் பூஜ்யம்.

1994க்கு வந்தால் காகிதமே மாறிவிடுகிறது. லாரி டியூப், மரச்சட்டம், தார்ப்பாய் கொண்டு கட்டிய தெப்பங்கள். அவற்றில் வந்தவர்களை அமெரிக்கக் கடலோரக் காவல் படை பிடித்து, கியூப மண்ணிலேயே அமெரிக்கா வைத்திருக்கும் குவாந்தனாமோ தளத்தில் கூடாரம் போட்டு அடைத்தது. கம்பி வேலிக்குள் அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, சொல்லத் தேவையில்லை, பத்திரிகை தொடங்கியது. 'எக்ஸோதோ' என்று பெயர், வெளியேற்றம். ராணுவமும் தன் பங்குக்கு ஸ்பானிஷில் ஒரு செய்தித்தாள் போட்டது. இரண்டும் இன்று ஸ்கேனாகி இருக்கின்றன. வரேலா பாதிரியாருக்கு 170 வருஷம் கழித்து, முள்வேலிக்குள் மறுபடி ஒரு குட்டிப் பத்திரிகை. பழைய தெப்பங்களும் படகுகளும் சில கீ வெஸ்ட் தாவரத் தோட்டத்தில் செடிகளுக்கு நடுவே நிற்கின்றன. அவற்றை எந்தப் பெட்டியில் போடுவது?

மரியேலுக்கும் ஒரு பட்டியல் வந்தது. முப்பதாம் வருஷத்தில், 2010இல், மயாமி ஹெரால்டு நாளிதழ் வந்தவர்களின் பெயர்களையும் அவர்கள் ஏறிய படகுகளையும் தேடிப்பார்க்கும்படி இணையத்தில் ஏற்றியது. தன் பெயரைத் தட்டினால் தான் வந்த படகு தெரியும். குழந்தையாய் வந்து, அந்தப் படகின் பெயர்கூடத் தெரியாமல் வளர்ந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள். முதல் பட்டியலில் கரண்டிகள் இருந்தன, ஆட்கள் இல்லை. இதில் ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்கள் கல்லூரியில் அடுத்த மாதம் ஸ்டாக் வெரிஃபிகேஷன். இந்த வருஷம் ஆடிட் கெடுபிடி அதிகம், பக்கத்துத் துறைப் பேராசிரியர்களைப் போட்டிருக்கிறார்கள். ரெஜிஸ்டர்களை எடுத்துத் தூசி தட்டியாகிவிட்டது. போன ஆகஸ்டில் பழைய விடுதி அறையை இடித்தபோது கிடைத்த கையெழுத்துப் பத்திரிகைகளும் மாணவர் பேரவை நோட்டீஸ்களும் ஒரு சாக்கு நிறைய என் மேசைக்கு அடியில் இருக்கின்றன. எண் இல்லை. அந்தக் குழு வரும்போது கால் நீட்டி இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிடுவேன்.